விடைபெறும் வேளையின் பிழைகள்

விண்டோஸ் இயங்குதளத்தின் ரெஜிஸ்ட்ரியில் நேரும் கோளாறுகளுள், ஒருவர் கணிப்பொறிக்குள் நுழையும்போது தோன்றுபவற்றைப் பற்றி எழுதப்பட்டிருப்பது ஏராளம். அவர் வேலையை முடித்துக்கொண்டு ‘லாக் ஆஃப்’ செய்து வெளியேறும்போது தோன்றுபவற்றைப் பற்றி எழுதப்பட்டிருப்பது சொற்பம். நுழையும்போது நேரும் பிழை வேலையை மறிக்கிறது. ஆகவே ஆள் கூச்சலிடுகிறார். வெளியேறும்போது நேரும் பிழையோ, அது தோன்றுகிற க்ஷணத்தில் பார்ப்பதற்கு ஆள் நாற்காலியிலேயே இல்லாத காரணத்தால், சாட்சியில்லாத சம்பவமாகப் போய்விடுகிறது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார். மறுநாள் காலையில் தாம் ஒழுங்கு செய்து வைத்த திரை பழைய கோலத்துக்குத் திரும்பியிருப்பதைக் கண்டு, “நேற்று நன்றாகத்தானே இருந்தது” என்பார். அது உண்மைதான்; அவர் எதிரே இருந்தவரையில் நன்றாகத்தான் இருந்தது.

இந்த விஷயத்தை ஆராயப் புகுமுன், வெளியேறுதல் என்னும் சாதாரணக் காரியத்தின்போது உள்ளே நடப்பது யாது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1993-ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் என்டி 3.1 முதற்கொண்டு, இயந்திரத்தின் அமைப்புகளும் அதை உபயோகிப்பவரின் அமைப்புகளும் ரெஜிஸ்ட்ரி என்னும் ஒரே மரத்தின் வெவ்வேறு கிளைகளாக வைக்கப்பட்டு வருகின்றன. மரம் ஒன்று என்றாலும் வேர் ஒன்றல்ல. ஒவ்வொரு கிளையும் வட்டில் தனித்தனி ஃபைலாகக் கிடக்கிறது. ஒருவருடைய சொந்த அமைப்புகள் அனைத்தும் அவருடைய ப்ரொஃபைல் ஃபோல்டரில் ‘என்டியூசர்.டாட்’ என்ற ஃபைலிலும், ஃபைல் வகைகள் முதலியவற்றுக்கான அவருடைய பிரத்தியேக விவரங்கள் ‘யூஸர்கிளாஸ்.டாட்’ என்ற மற்றொன்றிலும் இருக்கின்றன. அவர் உள்ளே நுழையும்போது இவ்விரண்டும் மரத்தில் ஒட்டப்படுகின்றன. எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து நீண்டுகொண்டே போகும் அவருடைய அடையாள எண்ணின் பெயரால் ஒரு கிளையும், அதே எண்ணோடு ‘கிளாஸஸ்’ என்ற சொல் சேர்ந்த இன்னொரு கிளையும் முளைக்கின்றன. வெளியேறும்போது அவை பிரித்தெடுக்கப்பட்டு, மாறுதல்கள் எழுதப்பட்டு, ஃபைல்கள் மூடப்பட வேண்டும்.

இவ்வாறு ஒட்டப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் ‘ஹைவ்’, அதாவது தேன்கூடு, என்று பெயர் வந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. என்டி-யை உருவாக்கியவர்களுள் ஒருவருக்குத் தேனீக்களைக் கண்டால் ஆகாதாம். அவரைச் சீண்டுவதற்காகவே, ரெஜிஸ்ட்ரியை எழுதியவர் கூடு, கூட்டின் அறை என்று தேனீக்கள் சம்பந்தப்பட்ட பெயர்களையே அதற்குள் புகுத்திவிட்டார் என்று மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றிய ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். கூடு என்ற சொல் நமக்கும் வசதியாகவே இருப்பதால் இக்கட்டுரையில் அதையே கையாளுவோம்.

கூட்டைப் பிரித்தெடுப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: அதன் எந்த அறையையும் எவரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு புரோகிராம் ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு விவரத்தைப் படிக்க விரும்பினால், முதலில் அந்த இடத்தைத் திறந்து ஒரு பிடியைப் பெறுகிறது. காரியம் முடிந்ததும் அப்பிடியை விட்டுவிடுவது முறை. உபயோகிப்பவருக்கென்று இயங்கும் புரோகிராம்கள், அவர் வெளியேறும்போது தாமும் நிறுத்தப்படுவதால், அவற்றின் பிடிகள் தாமே நீங்கிவிடும். ஆனால் அவர் வந்தாலும் போனாலும் தான் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஒன்று, அவர் பொருட்டு ஏதோ ஒரு வேலைக்காக அவருடைய கூட்டில் ஓர் அறையைத் திறந்துவிட்டு மூட மறந்துபோனால், ஆள் போன பிறகும் கூடு போகாது. ‘லாக் ஆஃப்’ நேரத்து ரெஜிஸ்ட்ரிப் பிழை என்று வழங்கப்படுவதில் பெரும்பகுதி இவ்வளவே. ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போயிற்று என்று கருதி அதைப் பழுதுபார்க்க ஓடுகிறவர்கள் குற்றவாளியை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனை விசாரிக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிடிவாதத்துக்கு இயங்குதளம் காலந்தோறும் சொல்லிய மறுமொழிகள் மூன்று. விண்டோஸ் 2000 காத்திருந்தது. ஒரு நிமிஷ காலத்துக்குள் அறுபது தடவை கூட்டைப் பிரித்தெடுக்க முயன்று, அப்போதும் முடியாவிட்டால், ‘விண்டோஸால் உமது ரெஜிஸ்ட்ரி ஃபைலை இறக்க முடியவில்லை’ என்னும் பொருள்பட 1000 என்ற எண்ணில் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். சர்வரில் ப்ரொஃபைலை வைத்துக்கொண்டு எந்த இயந்திரத்தில் உட்கார்ந்தாலும் தம் அமைப்புகளையே காண விரும்பும் ‘ரோமிங்’ முறைக்காரர்களுக்கு இது பேரிழப்பு; இறக்கப்படாத கூடு சர்வருக்குப் போய்ச் சேராது. 2001-இல் வந்த எக்ஸ்பி பிரதி எடுத்தது. பிடி தளராது போனாலும் கூட்டின் உள்ளடக்கத்தை மட்டும் தனியே சேமித்துச் சர்வருக்கு அனுப்பிவிட்டு, பிடித்திருப்பவன் என்றைக்கு விடுகிறானோ அன்றைக்கு மூலத்தை இறக்கிக்கொள்வோம் என்று 1517 என்ற எண்ணில் குறிப்பெழுதியது. ‘கிளாஸஸ்’ கூட்டுக்கு 1524 என்று வேறோர் எண். விஸ்டாவோ பலவந்தத்தைக் கைக்கொண்டது. பிடித்திருப்பவனைக் கேட்காமலே கூட்டைப் பறித்து மூடிவிட்டு, இன்ன புரோகிராம் இன்ன இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பெயர்விவரத்தோடு 1530 என்ற எண்ணில் எழுதி வைத்தது. அதற்குப் பின் வந்த விண்டோஸ்களும் அப்படியே செய்கின்றன. பொறுத்தல், நகலெடுத்தல், பறித்தல் என்ற இம்மூன்றில் எதுவும் தொல்லையை ஒழிக்கவில்லை; ஒவ்வொன்றும் அதை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றி வைத்தது.

முதலாவது காலத்துத் தொல்லையை நான் நேரில் அறிவேன். ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்தேன். விண்டோஸ் 2000 போட்ட இயந்திரங்கள், ரோமிங் ப்ரொஃபைல்கள், ஓரத்தில் ஒரு சர்வர். சில மாதங்களாக, மாலை மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘அமைப்புகளைச் சேமிக்கிறது’ என்ற வாசகம் நகர மாட்டேன் என்று நிற்கும். கூடத்தின் உதவியாளர் ஒரு நாள், “சார், இது கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிட்டுத் திண்ணையிலேயே உக்காந்திருக்கு சார்” என்றார். “எல்லா மிஷின்லயுமாப்பா?” என்று கேட்டேன். “இல்ல சார், பிரிண்டர் மாட்டின வரிசையில மட்டுந்தான். மத்த வரிசையில உக்கார்ற புள்ளைங்க எல்லாம் சீக்கிரமே போயிடுதுங்க” என்றார். அன்று அவர் தம்மையறியாமல் சொல்லிய அந்த இரண்டாவது பேச்சில் விடை முழுதும் இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்குத்தான் மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

ஒரு மாணவி வெளியேறிய பிறகு அதே இயந்திரத்தில் நிர்வாகியாக நுழைந்து, ‘ரெஜ்எடிட்’டைத் திறந்து, உபயோகிப்போர் கூடுகள் தொங்கும் கிளையை விரித்துப் பார்த்தேன். என்னுடைய எண் இருந்தது. இயங்குதளத்தின் சொந்தக் கணக்குக்குரிய கிளை இருந்தது. இவற்றுக்கு நடுவே, போய்விட்ட அந்தப் பெண்ணின் எண்ணும், வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு மறந்துவிட்டுப் போனாற்போல, அப்படியே கிடந்தது. பிறகு சிஸ்இன்டர்னல்ஸ் குழுவினரின் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற கருவியில் தேடும் பெட்டியைத் திறந்து அவ்வெண்ணின் கடைசிப் பகுதியைத் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது: பிரிண்டரோடு வந்த சிடியிலிருந்து யாரோ நிறுவிய, மை அளவைக் கண்காணிக்கும் சர்வீஸ். அந்த சர்வீஸை நிறுத்திவிட்டு ‘ரெஜ்எடிட்’டுக்குத் திரும்பி எஃப்5-ஐ அழுத்தியதும் அந்தப் பெண்ணின் எண் மறைந்தது. பிற்பாடு இத்தகைய புரோகிராம்கள் பத்துப் பன்னிரண்டைக் கண்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வரி திரையிலிருந்து அகன்றதைப் பார்த்த திருப்தி மறுபடி வாய்க்கவில்லை.

நிற்க. ஒரு சர்வீஸ் ஏன் இவ்விதம் பிடியை விடாமல் வைத்துக்கொள்கிறது என்பதுதான் இவ்விசாரணையின் நடுநாயகமான கேள்வி. எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால் கவனமாக எழுதியவரும் விழக்கூடிய ஒரு குழி இதில் இருக்கிறது. ‘நடப்பு உபயோகிப்பவர்’ என்ற பெயரால் ரெஜிஸ்ட்ரியில் வழங்கப்படும் கிளை உண்மையில் ஒரு கிளையன்று. இப்போது யாரோ அவருடைய கூட்டுக்கு வழிகாட்டும் பலகை மாத்திரமே. ஒரு புரோகிராம் முதன்முறை இப்பலகையைப் பின்பற்றிச் சென்றதும், அடுத்த முறை சிரமப்பட வேண்டாம் என்று, சென்ற இடத்தின் பிடி அந்தப் புரோகிராமுக்குள்ளேயே பத்திரப்படுத்தி வைக்கப்படுகிறது. ஒரே ஆளுக்காக இயங்கும் புரோகிராமுக்கு இது சௌகரியம். பலருக்காகவும் மாறிமாறி வேஷம் பூண்டு வேலை செய்யும் சர்வீஸுக்கோ இதுவே விபரீதம். முதலில் யாருடைய வேஷத்தில் பலகையைப் பின்பற்றியதோ அவருடைய கூட்டின் பிடி, எழுதியவர் கேளாமலும் அறியாமலும், அதனிடம் தங்கிவிடுகிறது. தான் திறந்ததையெல்லாம் ஒழுங்காக மூடிவிட்டதாக அவர் சத்தியம் செய்வார். பொய் சொல்லவும் மாட்டார். சர்வீஸ் எழுதுவோர் அந்தப் பலகையைத் தொடாமல், வேஷத்துக்குரியவரின் கூட்டை நேரே திறப்பதற்கென்று உள்ள வேறு வழியை உபயோகிக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு நிர்வாகி, ஏதோ ஒரு சர்வீஸையோ குறித்த நேரத்தில் ஓடும் ஒரு பணியையோ தம்முடைய சொந்தக் கணக்கின் பெயரிலேயே இயக்கி வைத்துவிட்டு, தாம் வெளியேறும்போது கூடு இறங்கவில்லையே என்று வியப்பார். அவர் பெயரால் சர்வீஸ் இயங்கிக்கொண்டிருக்கிறவரையில் இயங்குதளத்தின் கணக்குப்படி அவர் வெளியேறவே இல்லை. 1517-ஆம் குறிப்பே, சர்வீஸ்களை ‘லோக்கல் சர்வீஸ்’, ‘நெட்வொர்க் சர்வீஸ்’ என்ற பொதுக் கணக்குகளில் இயக்கிப் பார்க்கும்படி யோசனை சொல்வது இதனால்தான். ஆன்டிவைரஸ், பிரிண்டர் ஸ்பூலர் ஆகியவையும் நெடுங்காலமாகச் சந்தேகப் பட்டியலின் தலைப்பில் இருப்பவை; எல்லாருடைய வேலையிலும் தலையிடுவதே அவற்றின் தொழில் என்பதை எண்ணினால் அதில் ஆச்சரியம் இல்லை.

தனி இயந்திரத்தில் இப்பிழை ஒரு தொந்தரவு. நூறு பேர் வந்துபோகும் டெர்மினல் சர்வரில் ஓர் அபாயம். இறக்கப்படாத ஒவ்வொரு கூடும் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், வந்து போனவர்களின் கூடுகள் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் புதிதாக வருபவருக்கு இடமில்லை என்ற நிலை வந்துவிடும். விண்டோஸ் 2000 வரையில் ரெஜிஸ்ட்ரி முழுவதற்கும் ஒரு மேல்வரம்பு இருந்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த அவஸ்தைக்காகவே மைக்ரோசாஃப்ட் ‘யூபிஹெச்கிளீன்’ என்ற ஒரு சிறு சர்வீஸைத் தனியே வழங்கிற்று. என்டி 4 முதல் சர்வர் 2003 வரையில் பயன்பட்ட அது, வெளியேறியவரின் கூட்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தப் பிடிகளை வேறு கூட்டுக்குத் திருப்பிவிட்டு, 1401 என்ற எண்ணில் இன்னின்னார் என்று எழுதியும் வைத்தது. திருப்பிவிட்டது சிறந்த சிகிச்சை என்பேன். பெயரை எழுதி வைத்தது அதனினும் சிறந்த உபகாரம். அதற்குமுன் நிர்வாகிகளுக்குக் கிடைத்த சாட்சியம், டீபக் அளவை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றிவைத்தால் எழுதப்படும் ‘யூஸர்என்வ்.லாக்’ என்ற நீண்ட ஃபைல்தான். படிக்கப் பொறுமையும், படித்ததை விளங்கிக்கொள்ள அனுபவமும் வேண்டியது அது.

பிடியைச் சாராத பிழைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ப்ரொஃபைல் அளவுக்கு நிர்வாகி வரம்பு விதித்திருந்தால், விஸ்டாவுக்கு முந்திய விண்டோஸ்கள், வரம்பை மீறியவரை வெளியேறவே விடாமல், சில ஃபைல்களை அப்புறப்படுத்தும்படி நிர்ப்பந்தித்தன. அது ரெஜிஸ்ட்ரிப் பிழையே அன்று, ஆயினும் அப்படித்தான் புகார் வந்தது. சர்வரில் எழுதும் உரிமை இல்லாமை, வட்டில் இடமின்மை, நெட்வொர்க் முந்திக்கொண்டு அறுந்துபோதல் ஆகியவையும் அவ்வாறே. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ் முறையில் ப்ரொஃபைல் முழுவதும் ஒரு மெய்நிகர் வட்டாகவே இணைக்கப்படுகிறது. அங்கே சுத்தமாக வெளியேறாமை, வட்டுக் கழலாமை என்ற வேறு உருவத்தில் தலைகாட்டும்.

கூடு மெய்யாகவே சிதைந்துபோவதும் உண்டு. ஆனால் மக்கள் நினைப்பதைவிட அது அபூர்வம். மாறுதல்கள் நேரே கூட்டில் எழுதப்படாமல் முதலில் பக்கத்திலுள்ள லாக் ஃபைலில் எழுதப்படுகின்றன. விஸ்டா முதல் இந்த லாக் இரண்டு. கூட்டின் முகப்பில் இரண்டு வரிசை எண்கள் உள்ளன. எழுத ஆரம்பிக்கும்போது ஒன்றும், முடிக்கும்போது மற்றொன்றும் ஏறும். இரண்டும் ஒத்திராவிட்டால், நடுவில் மின்சாரம் போனதென்று அறிந்து, அடுத்த முறை ஏற்றும்போது லாகிலிருந்து மிச்சம் நிறைவு செய்யப்படும். இவ்வளவுக்கும் தப்பிக் கெட்ட கூட்டை ஏற்ற முடியாதபோது, இயங்குதளம் அவரைத் தாற்காலிக ப்ரொஃபைலில் உட்கார வைத்து, ப்ரொஃபைல் பட்டியலில் அவருடைய எண்ணின் வாலில் ‘.பாக்’ என்று ஒட்டிவைக்கிறது. அதைக் கண்டவர்கள் எண்ணைத் திருத்தி மறுபடி நுழைந்து பார்ப்பது வழக்கம். பல சமயம் பலிக்கவும் செய்கிறது. அதற்குமுன் அந்த ப்ரொஃபைல் ஃபோல்டரைப் பிரதி எடுத்து வைக்காதவர் துணிச்சல்காரர். தாற்காலிக ப்ரொஃபைலில் சேமித்ததெல்லாம் வெளியேறும்போது அழிந்துபோகும் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். நாள் முழுதும் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு மாலையில் ‘லாக் ஆஃப்’ கொடுத்தவரிடம் பிறகு எந்தச் சமாதானமும் எடுபடாது.

இந்த அத்தியாயத்தில்தான் ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ என்று விற்கப்படும் சஞ்சீவிகள் வந்து நுழைகின்றன. கூட்டின் அறைகளை எண்ணி, வேண்டாதவை என்று தாம் நினைப்பவற்றை அழிக்கும் இவை, அறையை யார் பிடித்திருக்கிறார்கள் என்ற ஒரே பொருத்தமான கேள்வியைக் கேட்பதில்லை. இவ்வகைக் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. இயந்திரத்தை அணைத்துப் போடும் பாட்டி வைத்தியம் இவற்றைவிட மேல். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ முறையில், ‘ஷட் டவுன்’ என்பது உபயோகிப்பவரை மட்டும் வெளியேற்றிவிட்டு, இயங்குதளத்தின் கருவை உறங்க வைத்து மறுநாள் எழுப்புவதாகும். நேற்றைய சர்வீஸ்கள் இன்றும் அதே ஸ்திதியில் கண்விழிக்கின்றன. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.

இனி, இன்றைய நிர்வாகியின் கண்ணில் அதிகமாகப் படும் 1530. மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும் இக்குறிப்பைக் கண்டு பதறுவோர் பலர். அதன் கீழ்ப்பகுதியில் இத்தனை பிடிகள் கசிந்தன என்றும், இன்ன எண்ணுள்ள பிராசஸ் இன்ன இடத்தைத் திறந்து வைத்திருந்தது என்றும் விவரம் இருக்கும். பல தடவைகளில் அங்கே காணப்படுவது, சர்ட்டிஃபிகேட்டுகளின் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ‘எல்சாஸ்’ போன்ற இயங்குதளத்தின் சொந்தப் புரோகிராமாகவே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு போவது வீண் பிரயாசை. கூடு இறக்கப்பட்டுவிட்டது, ப்ரொஃபைல் சேமிக்கப்பட்டுவிட்டது, குறிப்பு வெறும் தகவலே. வெளியார் புரோகிராம் ஒன்றின் பெயர் நாள் தவறாமல் வந்தால் மட்டும் அதை உண்டாக்கியவர்களுக்கு எழுதலாம், அல்லது புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம்.

பறித்தலின் மெய்யான கொடுமை வேறிடத்தில் வெளிப்படுகிறது. ஒரு சர்வரில் காம்+ பயன்பாடு ஒன்று, குறிப்பிட்ட ஒரு கணக்கின் பெயரில் இரவும் பகலும் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் நிர்வாகி ஒருவர் திரையில் நுழைந்து, ஏதோ பார்த்துவிட்டு, வெளியேறுகிறார். அவர் வெளியேறியதும் விண்டோஸ் அந்தக் கணக்கின் கூட்டைப் பறித்து மூடிவிடுகிறது. உள்ளே இயங்கிக்கொண்டிருந்த பயன்பாட்டின் கையில் இருப்பவை செத்த பிடிகள். அடுத்து அது எதைத் தொட்டாலும், ‘நீக்குவதற்கென்று குறிக்கப்பட்ட ரெஜிஸ்ட்ரி இடத்தில் செல்லாத செயல்’ என்னும் 1018-ஆம் பிழையே பதிலாக வரும். நிர்வாகி எதையும் மாற்றவில்லை. வந்தார், போனார், அவ்வளவே. பயன்பாட்டைத் திருப்பித் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிடும். அவர் மறுபடி வந்துபோனதும் எல்லாம் நின்றுவிடும். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் 1530-இன் நேரத்தையும் முதல் 1018-இன் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் பயன்பாட்டை எழுதியவரோடு வாரக்கணக்கில் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

இதற்குப் பரிகாரமாக குரூப் பாலிசியில், யூஸர் ப்ரொஃபைல் பகுதியில், ‘வெளியேறும்போது உபயோகிப்பவரின் ரெஜிஸ்ட்ரியைப் பலவந்தமாக இறக்காதே’ என்ற பொருளில் ஒரு விதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் விண்டோஸ் பறிப்பதை நிறுத்திவிட்டு, பிடித்திருப்பவன் தானே விடுகிறவரையில் கூட்டை இறக்காமல் காத்திருக்கும். விஸ்டா கைவிட்ட பழைய பொறுமையை நிர்வாகி தம் கையாலேயே திரும்ப அழைத்துக்கொள்கிறார். பொறுமையோடு அதன் பழைய தொல்லையும் திரும்பும். ஆகவே அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அவ்விதியை இட்டு, பயன்பாட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, அதில் எவரும் திரையில் நுழைய முடியாதபடி செய்துவிட்டு, அதன் பின் அவ்விதியையும் நீக்கிவிடுவதே நான் கையாண்டு வரும் முறை.